தாலி வேறு, வரிக் குடியிருப்பு வேறு

2026 பிப்ரவரியில் ஒரு மாலை. திருச்சியில் என் மேசைக்கு எதிரே ஓர் இளம் தம்பதி. மனைவியின் மடியில் நான்கு மாதக் குழந்தை. அவருக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம் கோப்பாய், கணவருக்குத் திருச்சி. கணவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

“சார், இவ பேர்ல யாழ்ப்பாணத்துல ஒரு வீடு இருக்கு, பேங்க்ல ஒரு டெபாசிட் இருக்கு. கல்யாணம் ஆன அன்னிலேர்ந்தே இவ இந்திய வரிக் கணக்குல வந்துட்டாளாம். மார்ச்சுக்குள்ள வீட்டை வித்துட்டு, டெபாசிட்டை என் பேருக்கு மாத்திடணும்னு சொல்றாங்க. இல்லன்னா பத்து லட்சம் அபராதம்னு பயமுறுத்துறாங்க.”

அதுவரை பேசாமல் இருந்த அந்தப் பெண் மெல்லச் சொன்னார்: “சேர், அந்த வீட்டிலதான் அம்மா இருக்கிறா. வித்துப்போட்டு அம்மாவை எங்க விடுறது?”

இந்த ஆலோசனையைக் கொடுத்தவர் ஒருவர் அல்ல. கல்யாணத் தரகர், வங்கியில் வேலை பார்க்கும் உறவினர், வருடாவருடம் கணவருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர் என மூன்று பேர் சொல்லி வைத்தாற்போல் ஒரே கருத்தைச் சொல்லியிருக்கிறார்கள். இது அவர்களுடைய கருத்து மட்டுமல்ல, ஊரில் நிலைத்துவிட்ட கருத்து: கணவன் எந்த நாட்டுக்காரனோ மனைவியும் அந்த நாட்டு வரிக்காரி, தாலி ஏறிய நாளில் வரியும் இடம் மாறிவிடும்.

இந்தக் கருத்து தவறு. வரிக் குடியிருப்பு என்பது ஆளுக்கு ஆள் தனித்தனியாக, ஆண்டுக்கு ஆண்டு புதிதாக, அவரவர் கடவுச்சீட்டின் முத்திரைகளை வைத்து எண்ணித் தீர்மானிக்கப்படுவது. திருமணப் பதிவுச் சான்றிதழுக்கு அதில் வேலையே இல்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்தத் தவறான நம்பிக்கைக்கான விலையைப் பெரும்பாலும் பெண்ணே கொடுக்கிறாள் என்பதுதான். அவள் பெயரில் இருக்கும் ஒரே வீடு போகிறது. அவள் உழைத்துச் சேர்த்த பணம் இன்னொருவர் பெயருக்குப் போகிறது.

முதலில் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இது ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 15, 16-ஆம் பிரிவுகள் இன்றைக்கும், திருமணத்தால் பெண் கணவனின் நிரந்தர வாழ்விடத்தைப் பெறுகிறாள், மணவாழ்வு நீடிக்கும்வரை அவளுடைய வாழ்விடம் அவனுடையதையே பின்தொடரும் என்று சொல்கின்றன. இங்கிலாந்தில் இருந்த இதே விதியை அவர்கள் 1973-இல் சட்டம் இயற்றி ஒழித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் இதற்கு ஓர் உறவுக்காரச் சட்டம் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆணை மணந்தால், அந்த மணவாழ்வு உள்ளவரை அவளுக்குத் தேசவழமை பொருந்தாது என்கிறது 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாண மணவுரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம். ஆக, மனைவி கணவனின் சட்ட நிழலில் நடப்பவள் என்ற எண்ணத்துக்குச் சட்டப் புத்தகத்திலேயே வேர் இருக்கிறது.

ஆனால் அந்த வேர் வரிச் சட்டத்தில் ஓடவில்லை. வாரிசுரிமைச் சட்டத்தின் அந்த அத்தியாயம் சொத்து வாரிசுக்கு மட்டுமே உரியது. அதுவும் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்தாது என்று அதே அத்தியாயம் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகிறது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் குடியிருப்பைத் தீர்மானிப்பது 6-ஆம் பிரிவு. அதை வரிக்கு வரி படித்தாலும் கணவன், மனைவி, திருமணம் என்ற சொற்களை வைத்து ஒருவரின் குடியிருப்பை முடிவு செய்யும் இடம் ஒன்றுகூட இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த அடிப்படை மாறவில்லை. இந்தியாவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடும் முறையும் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் இரண்டு பேர், இரண்டு பான் எண்கள், இரண்டு கணக்குகள்.

அந்த மாலையில் நான் செய்ததெல்லாம் அவருடைய கடவுச்சீட்டை வாங்கி, ஒரு வெள்ளைத் தாளில் தேதிகளை எழுதியதுதான்.

கல்யாணத்துக்காக அவர் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை வந்து இறங்கியது 2023 நவம்பர் 10. நவம்பரில் 21 நாள், டிசம்பர் 31, ஜனவரி 31, அந்த வருடம் பிப்ரவரி 29, மார்ச் 31. மொத்தம் 143. ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால்தான் அவர் அந்த ஆண்டுக்கு ‘ரெசிடென்ட்’. இன்னொரு வழியும் உண்டு: அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்திருக்க வேண்டும். இவர் அதற்கு முன் இந்தியாவில் இருந்தது, 2022–23-இல் நிச்சயத்துக்கும் புடவை எடுக்கவும் வந்த 20 நாள் மட்டும். ஆகவே தாலி கட்டிய அந்த 2023–24-ஆம் ஆண்டில் அவர் இந்தியச் சட்டப்படி ‘நான்-ரெசிடென்ட்’. ஒரே பந்தலில், ஒரே மணவறையில் உட்கார்ந்த இருவரில் ஒருவர் ரெசிடென்ட், மற்றவர் நான்-ரெசிடென்ட். ‘கல்யாணம் ஆன அன்றிலிருந்தே’ என்ற வாதம் இந்த ஒரு கூட்டலிலேயே விழுந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான கட்சியும் ஊரில் இருக்கிறது. ‘அவளிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. இந்தியக் குடியுரிமை வாங்காதவரை இந்திய வரி அவளைத் தொடாது’ என்பது அவர்கள் வாதம். இதுவும் அதே அளவு தவறு. சொல்லப்போனால் இன்னும் ஆபத்தான தவறு. இந்தியக் குடிமகனை மணந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே, குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, ஏழு ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். வரித் துறை அந்த ஏழு ஆண்டுகளுக்குக் காத்திருப்பதில்லை. 182 நாள் கடந்தால் எந்த நாட்டுக் கடவுச்சீட்டாக இருந்தாலும் அவர் ரெசிடென்ட்தான். குடியுரிமையும் பூர்வீகமும் 6-ஆம் பிரிவில் சில விதிவிலக்குகளில் மட்டும் தலைகாட்டுகின்றன. உதாரணத்துக்கு, வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் இந்திய வம்சாவளியினரும் இங்கே சும்மா வந்து போகும்போது அந்த 60 நாள் வரம்பு தளர்த்தப்படுகிறது. தாத்தா புதுக்கோட்டைச் சீமையில் பிறந்து கண்டிச் சீமைக்குப் போனவர் என்றால், அந்த மலையகத் தமிழ்ப் பெண்ணுக்கும் இந்தச் சலுகை உண்டு. பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்த பாட்டன் பாட்டி வரை சட்டம் பார்க்கிறது. கவனியுங்கள்: இங்கேயும் சட்டம் கேட்பது அவளுடைய தாத்தாவைத்தான், கணவனை அல்ல.

மூன்றாவது கட்சி, விவரம் தெரிந்தவர்களின் கட்சி. ‘182 நாள் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்’ என்பார்கள். இந்தப் பெண்ணின் மூன்றாவது ஆண்டு அவர்களுக்கு நல்ல பதில்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது பாக் நீரிணையின் இரு கரையிலும் உள்ள வழக்கம். வளைகாப்பு முடிந்து 2025 ஜூலை 5 அன்று அவர் யாழ்ப்பாணம் போனார். குழந்தையோடு திரும்பியது 2026 ஜனவரி 10. வந்த நாளையும் போன நாளையும் சேர்த்து எண்ணினால் ஏப்ரல் தொடங்கி ஜூலை 5 வரை 96 நாள், ஜனவரி 10 தொடங்கி மார்ச் முடிய 81 நாள். மொத்தம் 177. ‘பார்த்தீர்களா, 182 ஆகவில்லை, இந்த வருடம் அவள் நான்-ரெசிடென்ட்’ என்று தாளை மடித்து வைத்தால் அது பிழை. 2024–25-இல் அவர் யாழ்ப்பாணத்தில் கழித்த 40 நாள் போக இங்கே 325 நாள் இருந்திருக்கிறார். அதோடு முந்தைய ஆண்டின் 143, அதற்கு முந்தைய 20. நான்கு ஆண்டுக் கூட்டல் 488. அது 365-ஐத் தாண்டுகிறது. இந்த ஆண்டில் 60 நாளும் தாண்டிவிட்டது. ஆகவே 177 நாள் மட்டுமே இருந்தும் 2025–26-இல் அவர் ரெசிடென்ட்தான். ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வருவது, ஒரு கையால் நாடி பார்த்துவிட்டு மருந்து எழுதுவது போன்றது.

சரி, ரெசிடென்ட் ஆகிவிட்டார். இனி யாழ்ப்பாணத்து டெபாசிட் வட்டிக்கு இங்கே வரியா? அபராதமா? இல்லை. மூன்று ஆலோசகர்களும் கோட்டைவிட்ட இடம் இதுதான். ரெசிடென்ட்களுக்குள்ளேயே ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்று ஒரு வகுப்பு உண்டு. எங்கள் தொழிலில் ஆர்.என்.ஓ.ஆர். என்போம். முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் நான்-ரெசிடென்டாக இருந்தவரும், அல்லது முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாளோ அதற்குக் குறைவாகவோ இந்தியாவில் இருந்தவரும் இந்த வகுப்பில் வருவார்கள். இரண்டில் ஒன்று போதும். இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் வருமானம் தவிர, இவர்களுடைய வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி கிடையாது. வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலையும் இவர்கள் ரிட்டர்னில் நிரப்ப வேண்டியதில்லை. புதிதாக ஒரு நாட்டுக்கு வந்தவர் மூச்சு வாங்கட்டும் என்று சட்டமே கொடுத்த அவகாசம் இது.

கணக்கைப் பாருங்கள். 2024–25-இல் முந்தைய பத்து ஆண்டுகளும் நான்-ரெசிடென்ட், தேறிவிட்டார். 2025–26-இல் பத்தில் ஒன்பது, தேறிவிட்டார். 2026–27-இல் பத்தில் எட்டுதான். முதல் வாசல் மூடிவிடுகிறது. இரண்டாம் வாசலைத் தட்ட வேண்டும்: ஏழு ஆண்டுகளின் நாட்கள் 20, 143, 325, 177. கூட்டினால் 665. அது 729-க்குள். அந்த ஆண்டும் அவர் ஆர்.என்.ஓ.ஆர். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருந்த அந்த ஆறு மாதம் அவருக்கு முழுசாக ஓர் ஆண்டு அவகாசத்தைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. அவருடைய உலகளாவிய வருமானம் இந்திய வரிக்குள் வருவது 2027 ஏப்ரல் 1 அன்று. ‘இந்த மார்ச்சுக்குள் விற்றுவிடு’ என்றார்களே, அந்தக் கெடுவுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

டெபாசிட்டைக் கணவர் பெயருக்கு மாற்றச் சொன்னது அதைவிட மோசமான யோசனை. கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த முழு ரெசிடென்ட். அவர் பெயரில் யாழ்ப்பாணத்து வங்கியில் ஒரு கணக்கு ஏறினால், அந்த ஆண்டே அவர் தன் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தாக அதைக் காட்டியாக வேண்டும். அதே சமயம், மனைவி விலையின்றிக் கொடுத்த சொத்தின் வருமானம் 64-ஆம் பிரிவுப்படி மனைவியின் கணக்கிலேயே திரும்பச் சேரும். எந்த அபராதத்துக்குப் பயந்து மாற்றச் சொன்னார்களோ, அந்த அபராதத்தின் வாசலில் கணவரைக் கொண்டுபோய் நிறுத்தும் யோசனை அது. பெண்ணிடமிருந்து பணமும் போகும். வரிக்கும் பயன் இராது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிறந்த நாடு அவ்வளவு சுலபமாக விட்டுவிடுமா? இலங்கையின் 2017-ஆம் ஆண்டு உள்நாட்டு இறைவரிச் சட்டமும் நாளை எண்ணுகிறது, அங்கே 183. அதுவும் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று மட்டும் பார்க்காமல், அந்த ஆண்டில் தொடங்கும் அல்லது முடியும் எந்தப் பன்னிரண்டு மாதத்தையும் பார்க்கிறது. ஜூலை 5 முதல் ஜனவரி 10 வரை எண்ணிப் பாருங்கள்: 190 நாள். அதாவது 2025–26-இல் இந்தியாவும் அவரைத் தன் குடியிருப்பாளர் என்கிறது, இலங்கையும் என்கிறது. அக்கம்பக்கத்து நாடுகளுக்கிடையே இது அடிக்கடி நடக்கும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இப்போது கப்பல் ஓடுகிறது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது. வந்து போவது எளிதாக ஆக, நாட்கள் இரண்டு பக்கமும் சேரும்.

இந்த இழுபறிக்குத்தான் இரு நாடுகளும் 2013-இல் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதன் 4-ஆம் பிரிவு படிப்படியாகக் கேட்கிறது. நிரந்தர வீடு எங்கே? இரண்டு இடத்திலும் உண்டென்றால், சொந்தபந்தமும் பொருளாதாரமும் நெருக்கமாக இருக்கும் இடம் எது? அது தெளிவாகவில்லையென்றால் வழக்கமாக வசிப்பது எங்கே? அதுவும் தீர்க்கவில்லையென்றால் எந்த நாட்டுக் குடியுரிமை? கடைசியில் இரு அரசுகளும் பேசி முடிப்பது. கணவர் எங்கே இருக்கிறார் என்பது இங்கே இரண்டாம் கேள்விக்குள் ஓர் அம்சமாக வருகிறது. வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே தராசில் அம்மா இருக்கும் வீடும், டெபாசிட்டும், அவருடைய வேலையும் வைக்கப்படுகின்றன. கணவர் எடைக்கற்களில் ஒன்று, தராசு பெண்ணுடையது.

இனி, நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய ஒரு வாதம். ‘குடும்பம் என்றால் ஒரே உண்டியல். கணவனுக்கு ஒரு நிலை, மனைவிக்கு ஒரு நிலை என்று பிரித்துப் பார்ப்பது வழக்குக்கு உதவும், வாழ்க்கைக்கு உதவாது. எல்லாவற்றையும் இந்தியாவுக்கே கொண்டுவந்து ஒன்றாக்கிவிட்டால் தலைவலி தீர்ந்ததே!’ இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. அவர்கள் விரும்புவது குடும்ப ஒற்றுமை.

ஆனால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக்கச் சட்டம் உண்மையில் விடுகிறதா? இதே தம்பதி திருச்சியில் இருவர் பெயரிலும் ஒரு ஃபிளாட் பதிவு செய்யப் போனார்கள். முடியவில்லை. அந்நியச் செலாவணி விதிகளின்படி இலங்கைக் குடிமக்கள், நேபாளம், பங்களாதேஷ், பாகிஸ்தான், சீனா முதலிய நாட்டினரைப் போலவே, ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகை தவிர, ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. ஓ.சி.ஐ. எனப்படும் ‘கடல்கடந்த இந்தியக் குடிமக்கள்’ அட்டை இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் கணவர் வழியாக அந்த அட்டை கேட்கத் திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு நிறைந்திருக்க வேண்டும், கேட்டபின் அது கைக்கு வரவும் வேண்டும். இந்த ஊரில் வீடு வாங்கச் சட்டம் அவளை அந்நியள் என்கிறது; அந்த ஊரில் இருக்கும் வீட்டை விற்கச் சொல்ல மட்டும் அவளை இந்தியள் என்கிறது ஊர்க் கருத்து. இரண்டும் போனால் அவள் பெயரில் மிஞ்சுவது என்ன?

மாறாக, சட்டம் அவளிடம் கேட்பது விற்கச் சொல்லி அல்ல. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, உட்பிரிவு 4, இந்தியாவுக்கு வெளியே வசித்த காலத்தில் ஒருவர் வாங்கிய வீட்டையும் பணத்தையும் இங்கே குடிவந்த பிறகும் தொடர்ந்து வைத்திருக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. காலம் வரும்போது சொல்லிவிடு என்பதே வரிச் சட்டத்தின் கோரிக்கை. அந்தக் காலம் வந்ததும் அது மிகக் கண்டிப்பான கோரிக்கை என்பதையும் நான் மறைக்கமாட்டேன். 2027–28 முதல் அவர் முழு ரெசிடென்ட். கையில் ஒரு ரூபாய் இந்திய வருமானம் இல்லாத இல்லத்தரசியாக இருந்தாலும், வெளிநாட்டுச் சொத்து இருப்பதாலேயே ரிட்டர்ன் போட்டாக வேண்டும். வீட்டையும் கணக்கையும் அதில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி பத்து லட்சம் அபராதம். 2024 அக்டோபர் முதல், மொத்த மதிப்பு இருபது லட்சத்துக்குள் இருந்தால் விலக்கு உண்டு; ஆனால் அந்த விலக்கு அசையாச் சொத்துக்குக் கிடையாது. டெபாசிட் தப்பும், வீடு தப்பாது. அங்கே வட்டிக்குக் கட்டிய வரிக்கு ஒப்பந்தப்படி இங்கே வரவு கேட்கலாம். இரண்டு தடவை கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலர் இடறும் இடம். ஆர்.என்.ஓ.ஆர். காலத்தில்கூட, யாழ்ப்பாணத்து டெபாசிட் வட்டியை வங்கி நேராகத் திருச்சிக் கணக்கில் போட்டால், அது ‘இந்தியாவில் பெற்ற வருமானம்’ ஆகி வரிக்கு வந்துவிடும். அங்குள்ள கணக்கில் வாங்கி, தேவைப்பட்டால் பிறகு இங்கே கொண்டுவந்தால் வராது. உண்மையிலேயே வீட்டை விற்க அந்தக் குடும்பம் விரும்பினால், விற்ற லாபத்துக்கு இந்திய வரி வராமல் இருக்க 2027 மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது. விற்பதா வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்க அது போதுமான காலம்.

இதெல்லாம் கோப்பாய்ப் பெண்ணுக்கு மட்டுமான கதையல்ல. காத்மாண்டுவிலிருந்து கோரக்பூருக்கு மணமாகி வருபவருக்கும், டாக்காவிலிருந்து கொல்கத்தாவுக்கு வருபவருக்கும் அதே 6-ஆம் பிரிவுதான். மனைவியைப் பின்தொடர்ந்து இங்கே குடிவரும் கணவருக்கும் அதேதான். யார் யாரை மணந்தார்கள் என்று அது கேட்பதில்லை; நீ எத்தனை நாள் இங்கே இருந்தாய் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கிறது. பெண்ணைக் கணவனின் பின்னிணைப்பாகப் பார்க்காத சட்டம் நம் நாட்டில் அரிது. அரிதாக ஒன்று இருக்கும்போது, அதிலும் கொண்டுபோய்ப் பழைய வழக்கத்தைத் திணிக்காதீர்கள் என்பதே தரகர்களுக்கும், உறவினர்களுக்கும், என் தொழில் செய்பவர்களுக்கும் என் வேண்டுகோள். பெண்ணின் பெயரில் உள்ளதை விற்கச் சொல்வதற்கு முன் அவளுடைய கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள்.

எழுந்து போகும்போது அந்தப் பெண், நான் எழுதிய தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தேதிகளை ஒரு முறை தன் விரலால் சரிபார்த்தார். ஓரிடத்தில் நான் ஒரு நாள் கூடுதலாக எண்ணியிருந்ததைத் திருத்தினார். திருத்திய கணக்கே மேலே இருப்பது. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளின் அடியில் ‘2027 ஏப்ரல் 1’ என்று தானே எழுதி, அடிக்கோடிட்டு, நான்காக மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டார்.